சர்க்கரைக்கொல்லி: நாக்கில் சரி, ரத்தத்தில்?



நாகர்கோவிலில் இருந்து கன்னியாகுமரி போகிற வழியில், பொத்தையடி பக்கம் மருந்துவாழ் மலையைப் பார்த்திருப்பீங்க. அனுமன் தூக்கிப்போன சஞ்சீவி மலையில் இருந்து விழுந்த துண்டு என்பது நம்ம ஊர் நம்பிக்கை. மூலிகை மேல் நமக்கு அவ்வளவு பற்று! வீட்டில் யாருக்காவது 'சுகர்' என்றதும், "சிறுகுறிஞ்சான் பொடி சாப்பிடு" என்று சொல்ல நாலு பேர் வந்துவிடுவார்கள். அது எவ்வளவு தூரம் சரி?

சிறுகுறிஞ்சானுக்கு சர்க்கரைக்கொல்லி என்றும் பெயர். இதன் இலையை மென்றுவிட்டு முந்திரிக்கொத்தைக் கடித்தால் பயறு தெரியும், இனிப்பு தெரியாது. இலையில் உள்ள ஜிம்னெமிக் அமிலம் நாக்கின் இனிப்பு உணர்விகளைக் கொஞ்ச நேரம் அடைத்துவிடுவதுதான் காரணம். ஊட்டியில் அரசின் சிங்கோனா வேதியியலாளராக இருந்த டேவிட் ஹூப்பர் 1887-ல் இதைப் பிரித்தெடுத்துப் பெயர் வைத்தார்.

ஆனால் ஏமாந்துடாதீங்க. நாக்குக்குத் தெரியாவிட்டாலும், தின்ற வெல்லம் ரத்தத்துக்குப் போய்த்தான் தீரும்.

அப்படியானால் ரத்தத்தில் ஒன்றுமே நடக்காதா? சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1990-ல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். இரண்டாம் வகை நீரிழிவு உள்ள 22 பேருக்கு, வழக்கமான மாத்திரையோடு இந்த இலைச்சாற்றில் தயாரித்த மருந்தை தினமும் 400 மில்லிகிராம் வீதம் 18 முதல் 20 மாதம் கொடுத்தார்கள். சர்க்கரை அளவு குறைந்தது. 5 பேரால் மாத்திரையையே நிறுத்த முடிந்தது.

நல்ல செய்திதான். ஆனால் 22 பேர் ரொம்பச் சின்ன எண்ணிக்கை. மீதி 17 பேருக்கு மாத்திரை தேவைப்பட்டது என்பதையும் கவனியுங்க. மேலும், அவர்கள் சாப்பிட்டது அளந்து கொடுத்த சாறு. கடையில் வாங்கும் பொடி அல்ல. மண், பருவம், காய வைத்த விதம் மாறினால் இலையில் உள்ள சத்தும் மாறும்.

செடியில் இருந்து மருந்து வராது என்று சொல்லவில்லை. இன்று கோடிக்கணக்கானோர் சாப்பிடும் மெட்ஃபார்மினின் வேர், கலேகா என்ற ஐரோப்பியச் செடியில் இருக்கிறது. அதில் இருந்த பொருள் நச்சுத்தன்மை உள்ளது. அதைப் போன்ற, ஆனால் பாதுகாப்பான மெட்ஃபார்மினை 1922-ல் ஆய்வகத்தில் உருவாக்கினார்கள். பிரான்சில் ழான் ஸ்டெர்ன் அதை நோயாளிகளுக்குக் கொடுத்து முடிவை வெளியிட்டது 1957-ல். இடையில் 35 வருஷம்!

அதனால் உங்க தாத்தா பொடியை நம்பி மாத்திரையையோ இன்சுலினையோ நிறுத்தினால் சும்மா இருக்காதீங்க. இரண்டையும் சேர்த்து எடுத்தாலும் சர்க்கரை சட்டென்று இறங்கி வியர்வை, நடுக்கம், மயக்கம் வரலாம். பொடி சாப்பிடுவதை டாக்டரிடம் மறைக்க வேண்டாம் என்று சொல்லுங்க. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனைக்கு நீங்களே கூட்டிட்டுப் போங்க. பலன் உண்டா இல்லையா என்பதை நாக்கு சொல்லாது. அந்த எண் சொல்லும்.