நேற்று என்ன சாப்பிட்டீர்கள்?

நேற்று காலை முதல் இரவு வரை என்னென்ன சாப்பிட்டீர்கள்? சற்று யோசித்துச் சொல்லுங்கள்.

காலையில் புட்டு. மதியம் சோறும் மீன் கறியும். இரவு கஞ்சியும் பயறும். அவ்வளவுதான் என்று பலர் சொல்வார்கள். இடையில் குடித்த சாயாவை யாரும் சொல்வதில்லை. பக்கத்து வீட்டில் தின்ற முறுக்கு, பிள்ளை மிச்சம் வைத்த பிஸ்கட், கல்யாண வீட்டுப் பாயசம் ஆகியவையும் நினைவுக்கு வருவதில்லை. வேண்டுமென்று மறைப்பதில்லை. மறந்துவிடுகிறோம்.

மறக்காமல் இருக்க ஒரு வழி உண்டு. சாப்பிட்டதை எழுதி வைப்பது. பால் கணக்கு எழுதுகிறோம். ரேஷன் கணக்கு எழுதுகிறோம். அதுபோலச் சாப்பாட்டுக் கணக்கும் எழுதலாம்.

மாமியாரின் நோட்டு

ஒரு வீட்டை மனதில் நினைத்துக்கொள்வோம். பாறசாலைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். வீட்டில் தமிழும் மலையாளமும் பேசுவார்கள். மாமியார், மகன், மருமகள், இரண்டு பிள்ளைகள். மாமியாருக்கு 58 வயது. சர்க்கரை நோய் இருக்கிறது. மாத்திரை சாப்பிடுகிறார். ஆனாலும் சர்க்கரை குறையவில்லை.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் கேட்டார்: "அம்மா, என்ன சாப்பிடுறீங்க?"

"ஒண்ணும் பெரிசா இல்ல மக்களே. கஞ்சியும் பயறும்தான்."

"இனிப்பு?"

"தொடுறதே இல்ல."

மாமியார் பொய் சொல்லவில்லை. லட்டும் ஜிலேபியும் அவர் தொடுவதில்லை. நர்ஸ் சொன்னார்: "ஒரு வாரம் எழுதிக்கிட்டு வாங்க. வாயில போட்டது எல்லாத்தையும் எழுதணும்."

மாமியார் சாக்ஷரதா வகுப்பில் எழுத்துப் படித்தவர். பேரனின் பழைய நோட்டை எடுத்தார். முதல் நாள் இப்படி எழுதினார்:

காலை 6 மணி – சாயா, சர்க்கரை 2 ஸ்பூன்
காலை 8.30 – அவித்த மரச்சீனி ஒரு தட்டு, மிளகாய்ச் சம்மந்தி
காலை 11 – சாயா, சர்க்கரை 2 ஸ்பூன், பிஸ்கட் 2
மதியம் 1.30 – சோறு 2 கிண்ணம், சாளைக் கறி
மாலை 4 – சாயா, சர்க்கரை 2 ஸ்பூன், பழம்பொரி 1
மாலை 6 – குடும்பஸ்ரீ அயல்கூட்டத்தில் சாயா, சர்க்கரை 2 ஸ்பூன்
இரவு 8.30 – கஞ்சி, பயறு, பப்படம் 2

இரவில் மருமகள் அதை வாசித்தாள். இருவரும் கணக்குப் போட்டார்கள். நான்கு சாயா. ஒவ்வொன்றிலும் 2 ஸ்பூன். மொத்தம் 8 ஸ்பூன். ஒரு ஸ்பூன் சர்க்கரை சுமார் 5 கிராம். அப்படியானால் ஒரு நாளைக்கு 40 கிராம். 30 நாளைக்கு 1,200 கிராம். அதாவது 1 கிலோ 200 கிராம்.

"சாயாவும் இனிப்புல சேருமா?" என்று மாமியார் கேட்டார்.

சேரும். மரச்சீனியும் சோறும் கஞ்சியும்கூட உடம்புக்குள் போய்ச் சர்க்கரையாகத்தான் மாறுகின்றன. இதற்காக எல்லாவற்றையும் விட்டுவிட வேண்டும் என்பதில்லை. அளவு தெரிந்தால் குறைக்கலாம். மாமியார் இரண்டு சாயாவை நிறுத்தினார். மற்ற இரண்டில் சர்க்கரையைப் பாதியாக்கினார். ஒரு தட்டு மரச்சீனி அரைத் தட்டு ஆனது. மிளகாய்ச் சம்மந்திக்குப் பதில் மீன் கறி வந்தது. மாத்திரையை அவர் விடவில்லை. டாக்டர் சொல்லாமல் யாரும் மாத்திரையை நிறுத்தவோ குறைக்கவோ கூடாது. உணவைக் குறைத்தால் அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

இது ஒரு வீட்டுக் கவலை மட்டும் அல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்திய ஆய்வின் முடிவு 2023இல் வெளிவந்தது. நாடு முழுவதும் வயது வந்த 100 பேரில் சுமார் 11 பேருக்குச் சர்க்கரை நோய். கேரளத்தில் 100 பேரில் சுமார் 25 பேருக்கு.

மருமகளின் பக்கம்

அதே நோட்டின் கடைசிப் பக்கத்தில் மருமகளும் மூன்று நாள் எழுதினாள். அவளுக்கு 30 வயது. படி ஏறினால் மூச்சு வாங்கும். ரத்தம் குறைவு என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அவள் எழுதியது மிகக் குறைவு. காலையில் சாயா. பத்து மணிக்கு முந்தின நாள் பழங்கஞ்சி. மூன்று மணிக்குச் சோறும் மீன் குழம்பும். இரவு பத்து மணிக்குக் கஞ்சியும் சம்மந்தியும்.

மாமியார் அதை எழுத்துக் கூட்டி வாசித்தார்.

"குழம்புன்னு மட்டும் எழுதியிருக்கு. மீன் எங்க?"

"சட்டியில மிச்சம் இல்ல மாமி."

மூன்று நாளும் அப்படித்தான். மீன் வாங்காத நாள் இல்லை. ஆனால் அவள் எல்லாருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் சாப்பிடுகிறாள். ஒரே வீட்டில் இருந்தும் மாமியாருக்கு இது தெரியவில்லை. மறுநாள் முதல் மீன் கறி வெந்ததும் இரண்டு சாளையைத் தனிக் கிண்ணத்தில் எடுத்து மூடி வைத்தார். அது மருமகளுக்கு.

கேரளத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100க்கு 36 பேருக்கு ரத்தசோகை இருப்பதாக 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. இந்தியா முழுவதும் 100க்கு 57 பேர். மீன், முருங்கைக்கீரை, பயறு ஆகியவை ரத்தத்துக்குத் தேவையான இரும்புச் சத்தைத் தரும். நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்த்தால் அந்தச் சத்து உடம்பில் நன்றாகச் சேரும். சாப்பிட்ட உடனே சாயா குடித்தால் சரியாகச் சேராது. ஒரு மணி நேரமாவது கழித்துக் குடிப்பது நல்லது. டாக்டர் இரும்புச் சத்து மாத்திரை தந்திருந்தால் அதையும் விடாமல் சாப்பிட வேண்டும்.

அரசும் எழுதிப் பார்த்தது

மக்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று அறிஞர்களும் எழுதிப் பார்த்தார்கள். 1918இல் நீலகிரி மலையில் உள்ள குன்னூரில் மெக்கரிசன் என்ற டாக்டர் ஒரு சிறிய ஆராய்ச்சிக் கூடத்தைத் தொடங்கினார். பிற்காலத்தில் அவர் ஒரு சோதனை செய்தார். இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவைத் தனித்தனியாக எலிகளுக்குக் கொடுத்தார். கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறி தின்ற எலிகள் நன்றாக வளர்ந்தன. தீட்டிய வெள்ளை அரிசியை அதிகமாகத் தின்ற எலிகள் மெலிந்தன. அதுதான் சென்னை மாகாணத்து உணவு! நமக்குக் கொஞ்சம் சங்கடமான முடிவுதான்.

அந்த ஆராய்ச்சிக் கூடம் 1958இல் ஐதராபாத்துக்கு மாறியது. இன்று அது தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். 1972 முதல் பல ஆண்டுகள் அதன் ஊழியர்கள் பல மாநிலங்களில் வீடு வீடாகப் போனார்கள். கேரளத்துக்கும் வந்தார்கள். "நேற்று என்ன சமைத்தீர்கள்? யார் எவ்வளவு சாப்பிட்டார்கள்?" என்று கேட்டு எழுதினார்கள். கையில் அளவுக் கிண்ணம் வைத்திருந்தார்கள்.

எழுதும்போது எதையாவது விட்டால் என்ன ஆகும்? அதற்கும் கேரளத்திலேயே உதாரணம் உண்டு. முன்பு வந்த புள்ளிவிவரங்களைப் பார்த்தவர்கள், கேரள மக்கள் மிகக் குறைவாகச் சாப்பிடுகிறார்கள் என்றார்கள். திருவனந்தபுரத்தில் உள்ள வளர்ச்சி ஆய்வு மையம் இதை ஆராய்ந்தது. மரச்சீனியும் தேங்காயும் அந்தக் கணக்கில் சரியாகச் சேரவில்லை என்று 1975இல் எடுத்துக்காட்டியது. ஏழைகளின் வயிற்றை நிறைத்தது மரச்சீனி. அதையே எழுத விட்டுவிட்டார்கள்!

மரச்சீனி திருவிதாங்கூரில் பரவ விசாகம் திருநாள் மகாராஜா ஊக்கம் தந்தார். அவர் ஆண்டது 1880 முதல் 1885 வரை. 1942இல் பர்மா ஜப்பானியர் கையில் விழுந்தது. பர்மா அரிசி வருவது நின்றது. அந்தப் பஞ்ச காலத்தில் நெய்யாற்றின்கரை, விளவங்கோடு பகுதி மக்களுக்கும் மரச்சீனிதான் கைகொடுத்தது. ஆனால் அதில் மாவுச்சத்துதான் அதிகம். உடம்பை வளர்க்கும் புரதம் மிகக் குறைவு. மரச்சீனியோடு மீன் வைத்துத் தின்ற நம் பழைய வழக்கம் சரியான வழக்கம்தான். அவித்த தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். கிழங்கில் உள்ள நச்சு அந்தத் தண்ணீரில் இறங்கும்.

எப்படி எழுதுவது?

நோட்டில் நான்கு கோடு போடுங்கள். நேரம், உணவு, அளவு, எங்கே என்று தலைப்பு எழுதுங்கள். "எங்கே" என்பது முக்கியம். கடையில் தின்றதும் கூட்டத்தில் குடித்ததும்தான் கணக்கில் விடுபடும்.

சாப்பிட்ட உடனே எழுதுங்கள். இரவில் மொத்தமாக எழுதலாம் என்று இருந்தால் பாதி மறந்துவிடும். தராசு வேண்டாம். உங்கள் வீட்டுக் கிண்ணம், ஸ்பூன், தட்டு போதும். தினமும் அதே கிண்ணமாக இருக்க வேண்டும். உப்பையும் பாருங்கள். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்கு மேல் உப்பு வேண்டாம். அது ஒரு ஸ்பூன் அளவு. ஊறுகாய், பப்படம், கருவாடு ஆகியவற்றில் இருக்கும் உப்பும் அதில் அடக்கம்.

நோட்டைப் பார்த்து வீட்டில் யாரும் யாரையும் ஏசக் கூடாது. ஏச்சுக்குப் பயந்தால் அடுத்த நாள் உண்மையை எழுத மாட்டார்கள்.

பயிற்சி

1. இன்று நீங்கள் சாப்பிட்டதை மேலே சொன்ன நான்கு தலைப்பில் எழுதுங்கள்.

2. ஒரு நாளைக்கு மூன்று சாயா. ஒவ்வொன்றிலும் 2 ஸ்பூன் சர்க்கரை. 30 நாளைக்கு எத்தனை கிராம்?

3. உங்கள் வீட்டில் கடைசியாகச் சாப்பிடுபவர் யார்? நேற்று அவர் சாப்பிட்டது என்ன? அவரிடமே கேட்டு எழுதுங்கள்.