பெர்லின் நகரில் பஸ்ஸும் ரயிலும்

நம் சங்கக் குடும்பங்களில் பிள்ளைகள் ஜெர்மனியில் வேலை பார்ப்பது இப்போது புதுமை அன்று. அவர்களைப் பார்க்கப் போகும் பெற்றோருக்குச் சுற்றுலா விசாவில் கிடைப்பது அதிகபட்சம் 90 நாள். பிள்ளைகள் காலையில் அலுவலகம் போய்விட்டால் மாலை வரை வீட்டுக்குள்தான் இருப்பு. சனி, ஞாயிறு மட்டும் வெளியே போவது என்றால் 90 நாளில் 13 வாரம்கூட முழுதாகத் தேறாது. மற்ற நாட்களிலும் தாமே போய்வர வேண்டுமானால், அந்த ஊர் வண்டிகளில் ஏறி இறங்கத் தெரிய வேண்டும். பெர்லினில் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது நானும் என் மனைவியும் கற்றுக்கொண்டதை, போகவிருக்கும் அன்பர்களுக்காக வரிசையாக எழுதுகிறேன்.

1. வண்டிகள்

பெர்லினில் நான்கு வகை வண்டிகள் ஓடுகின்றன. நீலச் சதுரத்தில் 'யூ' என்ற ஆங்கில எழுத்து இருந்தால் அது ஊ-பான். பெரும்பாலும் சுரங்க ரயில், 1902-இல் தொடங்கியது. பச்சை வட்டத்தில் 'எஸ்' இருந்தால் எஸ்-பான். இது நம் மும்பை லோக்கல் போன்றது. இவை தவிர டிராமும் பஸ்ஸும் உண்டு. நான்குக்கும் ஒரே சீட்டுதான். வண்டிக்கு வண்டி தனிச் சீட்டு வாங்க வேண்டாம்.

2. வட்டாரங்கள்

நகரத்தை ஏ, பி, சி என்று மூன்று வட்டாரங்களாகப் பிரித்திருக்கிறார்கள். நடுநகரம் ஏ, அதிலிருந்து நகர எல்லை வரை பி, எல்லைக்கு வெளியே சி. ஊருக்குள் சுற்ற ஏ-பி சீட்டு போதும். ஆனால் 2020-இல் திறந்த விமான நிலையம் சி வட்டாரத்தில் இருக்கிறது. ஆகவே வந்து இறங்கும் அன்றும் திரும்பும் அன்றும் ஏ-பி-சி சீட்டு வாங்க வேண்டும்.

3. எந்தச் சீட்டு?

சாதாரணச் சீட்டு 2 மணி நேரம் செல்லும். வழியில் இறங்கலாம், வண்டி மாறலாம். ஆனால் போன வழியே திரும்பி வரக் கூடாது. பக்கத்தில்தான் போகிறோம் என்றால் குறுந்தூரச் சீட்டு மலிவு: ரயிலில் 3 நிலையங்கள், பஸ்ஸிலும் டிராமிலும் 6 நிறுத்தங்கள். நாள் முழுவதும் சுற்ற 24 மணி நேரச் சீட்டு நல்லது. இதிலேயே ஐந்து பேர் வரை சேர்ந்து போகும் சீட்டும் உண்டு. குடும்பத்துக்கு மிக வசதி. 6 வயதுக்குக் கீழ் குழந்தைகளுக்குக் கட்டணம் இல்லை. 6 முதல் 14 வயது வரை சலுகைக் கட்டணம். ரயில் நிலையத்துச் சீட்டு இயந்திரத்தில் ஆங்கிலத்தையும் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம்.

4. முத்திரை

முக்கியமான பாடம் இதுதான். அந்த ஊர் நிலையங்களில் தடுப்புக் கதவு இல்லை; வண்டியில் நடத்துனர் இல்லை. 'யாரும் கேட்கவில்லையே' என்று நமக்குத் தோன்றும். பயணி ஒழுங்காகச் சீட்டு வாங்கியிருப்பார் என்று நம்பித்தான் எல்லாம் நடக்கிறது. அதனால் பொறுப்பு முழுவதும் நம்முடையது. நிலைய இயந்திரத்தில் வாங்கிய காகிதச் சீட்டை, ஏறுவதற்கு முன் நடைமேடையில் இருக்கும் சிறு பெட்டியில் நீட்டி முத்திரை பெற வேண்டும். முன்பு மும்பையில் கூப்பனை இயந்திரத்தில் நீட்டுவோமே, அதே முறைதான். இதை 'என்ட்வெர்டன்' என்கிறார்கள்.

ஒருநாள் ரயிலில் சாதாரண உடையில் இருந்த ஒருவர் திடீரென எழுந்து அடையாள அட்டையைக் காட்டிச் சீட்டுகளைக் கேட்டார். எங்கள் எதிரில் இருந்த வெளியூர்க்காரரிடம் சீட்டு இருந்தது, முத்திரை இல்லை. பணம் கொடுத்து வாங்கியதுதானே என்று அவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தும் பயனில்லை. 2015 முதல் அதற்கு அபராதம் 60 யூரோ. முத்திரை இல்லாத சீட்டு, சீட்டே இல்லாததற்குச் சமம். கைபேசியில் வாங்கும் சீட்டுக்கு முத்திரை வேண்டாம். ஆனால் வண்டி ஏறும் முன்பே வாங்கியிருக்க வேண்டும்.

5. திசை

வண்டியின் எண் மட்டும் தெரிந்தால் போதாது. அது போய்ச் சேரும் கடைசி நிலையத்தின் பெயரும் தெரிய வேண்டும். பலகையில் அதைத்தான் எழுதியிருப்பார்கள். சுற்று ரயிலுக்கு மட்டும் கடைசி நிலையம் இல்லை. எஸ்-41 கடிகார முள் சுற்றும் திசையில் போகும், எஸ்-42 எதிர்த்திசையில். 37 கிலோமீட்டர், 27 நிலையங்கள், ஒரு மணி நேரம். 1961-இல் சுவர் எழுந்தபோது அறுபட்ட இந்த வட்டம், 2002-இல்தான் மறுபடி முழுமையாகச் சேர்ந்தது. 24 மணி நேரச் சீட்டு இருந்தால் ஒரு முறை சுற்றி வாருங்கள்.

6. முதல் பயணம்

முதலில் தனியாகப் போக 100-ஆம் எண் பஸ் ஏற்றது. சுவர் வீழ்ந்த மறு ஆண்டு, 1990-இல், மேற்கையும் கிழக்கையும் இணைக்கத் தொடங்கிய தடம் அது. மிருகக்காட்சிசாலை நிலையத்திலிருந்து நாடாளுமன்றம் வழியாக அலெக்சாண்டர் சதுக்கம் வரை போகும். மாடியில் முன் இருக்கை கிடைத்தால் முக்கிய இடங்கள் பலவற்றைப் பஸ் கட்டணத்திலேயே பார்த்துவிடலாம்.

புறப்படுமுன் வீட்டு நிறுத்தத்தின் பெயரை ஜெர்மன் எழுத்தில் ஒரு தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். மொழி தெரியாவிட்டாலும் அந்தத் தாளை நீட்டினால் வழி காட்டுவார்கள். எங்களுக்கு முதல் வாரம் அந்தத் தாள் இரண்டு முறை தேவைப்பட்டது. மூன்றாம் வாரத்துக்குப் பிறகு தேவைப்படவில்லை.