துளி நிற்பது வேறு, படர்வது வேறு

விடியற்காலையில் நெல் வயலுக்குப் போனால் இலை மேல் பனி முத்து முத்தாக உருளும். பார்க்க அழகுதான், ஆனால் மருந்து தெளிப்பவருக்கு அதுவே தலைவலி. நெல் இலையின் மேல் மெழுகுப் பூச்சும், கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளங்களும் இருக்கின்றன. அதனால் தண்ணீர்த் துளி இலையோடு உண்டாக்கும் சேர்கோணம் 150 டிகிரியைத் தாண்டிவிடுகிறது (பதினோராம் வகுப்பு இயற்பியலில் படித்துவிட்டு மறந்த அதே சேர்கோணம்தான்). துளி உருண்டையாகவே நின்று, இலையை ஏதோ பட்டும் படாமலும் தொட்டுக்கொண்டிருக்கும். சேம்பு, முட்டைக்கோஸ், வெங்காயத் தாள் எல்லாம் இதே ஜாதி. பருத்தியும் அவரையும் இவ்வளவு பிடிவாதம் காட்டாது.

"பனிப்புகை மாதிரி அடிச்சா நல்லா ஒட்டும்" என்பார்கள். பாதி உண்மை. துளியைச் சிறிதாக்கினால் அது இலையில் நிற்கும், படராது. தண்ணீர்த் துளி தன் எடையால் தட்டையாக வேண்டுமானால் இரண்டு மூன்று மில்லிமீட்டராவது பருமன் வேண்டும். நம் தெளிப்பானிலிருந்து வருவது அரை மில்லிமீட்டருக்கும் கீழே. 400 மைக்ரான் துளியானாலும் 100 மைக்ரான் துளியானாலும் அதே இலையில் சேர்கோணம் ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் பெரிய துளி வேகமாக வந்து மோதி எகிறிவிடும், அல்லது எடை தாளாமல் உருண்டுவிடும். சிறியதற்கு அந்த வேகமும் இல்லை, எடையும் இல்லை. படர வைப்பது ஒட்டும் திரவத்தின் வேலை. தண்ணீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு 72 மில்லிநியூட்டன். நல்ல ஒட்டும் திரவம் அதை 30 பக்கம் இறக்கிவிடும். கோணம் சரிவது அதனால்தான்.

செய்ய வேண்டியவை

• முதலில் இலையைக் கேளுங்கள். ஒரு குவளையில் மருந்தைக் கலந்து, கையுறை போட்டுக்கொண்டு, வயலிலிருந்து பறித்த இலையை முக்கி எடுங்கள். முத்தாக உருண்டு விழுந்தால் ஒட்டும் திரவம் வேண்டும். இலை முழுவதும் ஏடு போல நனைந்து வந்தால் அந்தச் செலவு வேண்டாம். ஐந்து நிமிட வேலை, யாரும் செய்வதில்லை.

• ஒட்டும் திரவத்தை அளந்து ஊற்றுங்கள். பெரும்பாலும் லிட்டருக்கு அரை மில்லி போதும். புட்டியில் வேறு அளவு போட்டிருந்தால் அதுவே கணக்கு. கடைசியில் சேர்த்து மெதுவாகக் கலக்குங்கள், இல்லையென்றால் டேங்க் முழுக்க நுரைதான்.

• மருந்துக்கேற்ற துளி வேண்டும். 400 மைக்ரான் துளி ஒன்றை 200 மைக்ரானாக உடைத்தால் எட்டுத் துளி கிடைக்கும். அதே மருந்து இலையில் இரண்டு மடங்கு பரப்பைத் தொடும். தொட்ட இடத்தில் மட்டும் காக்கும் பூஞ்சாணக்கொல்லிக்கு இந்த லாபம் பெரிது. அதற்குச் சதுர சென்டிமீட்டருக்கு 50 முதல் 70 துளி விழ வேண்டும் என்பார்கள். செடிக்குள் ஊடுருவிப் பாயும் பூச்சிமருந்துக்கு 20, 30 இருந்தாலே போதும். பூச்சிக்கும் பூஞ்சாணத்துக்கும் கூம்பு நாசில், களைக்கொல்லிக்கு விசிறி நாசில். ஒரே நாசிலை வைத்துக்கொண்டு வருஷம் முழுக்க எல்லாவற்றையும் அடிப்பதுதான் ஊர் வழக்கம், அது சரியில்லை.

• துளி எத்தனை விழுகிறது என்று பார்க்க, ஈரம் பட்டால் நீலமாகும் மஞ்சள் அட்டை இருக்கிறது. பயிருக்கு நடுவே இரண்டு செருகி வைத்தால் தெரிந்துவிடும்.

• தேய்ந்த நாசிலை மாற்றுங்கள். துளை அகன்றால் மருந்தும் வீண், துளியும் தடித்துவிடும்.

செய்யக்கூடாதவை

• இலை சொட்டச் சொட்ட அடிக்காதீர்கள். பக்கத்துப் பக்கத்துத் துளிகள் கூடிப் பெரிதாகி, வழியில் இருப்பதையும் வாரிக்கொண்டு கீழே இறங்கிவிடும். சொட்டத் தொடங்குவதற்குச் சற்று முன் இலையில் இருந்த மருந்தைவிடக் குறைவாகவே பிறகு மிஞ்சும். ஒட்டும் திரவம் கலந்திருந்தால் இந்த வழிசல் இன்னும் சீக்கிரம் வரும்.

• பனி காயும் முன் தெளிக்காதீர்கள். மேலே சொன்ன வழிசல்தான் இங்கேயும் நடக்கும்.

• உச்சி வெயிலில் நுண்துளி வேண்டாம். விட்டம் பாதியானால் துளி காயும் நேரம் கால்வாசியாகிவிடும். சில துளிகள் இலையை எட்டும் முன்பே ஆவியாகிப் போகும்.

• துணி துவைக்கும் தூளையும் ஷாம்பூவையும் ஒட்டும் திரவமாக ஊற்றாதீர்கள். இலை கருகலாம், மருந்தும் கெடலாம். வேப்பெண்ணெய்க் கரைசலில் காதி சோப்பு சேர்க்கிறோமே என்று கேட்பீர்கள். அது எண்ணெயைத் தண்ணீரோடு கலக்கச் சேர்ப்பது.

• களைக்கொல்லி அடிக்கும்போது அழுத்தத்தைக் கூட்டவே கூட்டாதீர்கள். அழுத்தம் ஏறினால் துளி பொடியாகும். விசைத்தெளிப்பான் வாங்கிய புதிதில் மக்காச்சோளத்தில் 2,4-டி அடித்தேன். புகை போல வருவதைப் பார்த்து எனக்குப் பெருமை வேறு. பத்து நாள் கழித்துப் பக்கத்துக் காட்டுப் பருத்தி இலைகள் வெண்டை இலை போலக் குறுகிக் கிடந்தன. பிறகுதான் கணக்குப் போட்டேன். 100 மைக்ரான் துளி அரை மீட்டர் உயரத்திலிருந்து இறங்க ஏறக்குறைய இரண்டு வினாடி ஆகும். மணிக்கு 10 கிலோமீட்டர் காற்று அதற்குள் அதை ஐந்து மீட்டர் தள்ளிவிடும். எங்கள் இரண்டு காட்டுக்கும் நடுவில் இருந்தது ஒற்றை வரப்பு. பக்கத்துக் காட்டு அண்ணன் சண்டைக்கு வரவில்லை, அந்த வருஷம் முழுக்க என்னோடு பேசவும் இல்லை.

காற்று எழும்பும் நாளில் களைக்கொல்லி டேங்கை முதுகிலிருந்து இறக்கி வைத்துவிடுங்கள். களை எங்கேயும் ஓடிவிடாது, நாளைக்கும் அங்கேயேதான் நிற்கும்.