ஸ்டிக்கர் கிழிஞ்சா வாரண்டி போச்சா?

பாலிடெக்னிக்கில் படிக்கும் என் மருமகன் செமஸ்டர் விடுமுறையில் தங்கா பத்துக்கு வந்தபோது லேப்டாப்பைக் கவிழ்த்துப் போட்டுக் காட்டினான். ஒரு ஸ்குருவின் தலையை மூடிக்கொண்டு, ஐந்து சென் காசைவிடச் சின்னதாக ஒரு வட்ட ஸ்டிக்கர். “இது கிழிஞ்சா வாரண்டி போச்சுன்னு கடையில சொல்லிட்டாங்க மாமா.” 8 ஜிபி ராம். வரைபட மென்பொருளோடு பிரௌசரில் பத்து டேப் திறந்தால் மவுஸ் அம்பு நின்ற இடத்திலேயே நிற்கும். வாரண்டி முடிய 14 மாதம் இருந்தது. அதுவரை இப்படியே ஓட்டிவிடுவதாக முடிவு கட்டியிருந்தான்.

லேப்டாப்பைப் பற்றி இந்தப் பக்கம் நான் கேட்கும் நம்பிக்கைகளில் இதுதான் தலையானது. பாதி உண்மை கலந்திருப்பதால் சாகவும் மாட்டேன் என்கிறது.

லேப்டாப் வாங்கும்போது இரண்டு உத்தரவாதங்கள் நம் கைக்கு வருகின்றன. ஒன்று, தயாரிப்பாளர் தாமாகத் தரும் வாரண்டி. நிபந்தனைகளை அவரே எழுதுகிறார். பிராண்டுக்குப் பிராண்டு மாறும். இன்னொன்றை யாரும் அட்டையில் அச்சடித்துத் தருவதில்லை. 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்கும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருந்தாக வேண்டும். ரசீதில் எதை எழுதினாலும் இந்த உரிமையைப் பறிக்க முடியாது. 6ஆவது பிரிவு அதற்கு வழி விடவில்லை. ராம் மாற்றி மூன்று மாதம் கழித்துத் திரையில் கோடு விழுந்தால், அந்தக் கோட்டுக்கும் ராமுக்கும் என்ன உறவு என்று நீங்கள் தாராளமாகக் கேட்கலாம். ஆனால் மூடியை நெம்பும்போது திரைக்குப் போகும் நாடாவை நீங்களே கிழித்திருந்தால் சட்டமும் கைவிரித்துவிடும். வாங்கியவர் செய்த சேதத்துக்கு விற்றவர் பொறுப்பில்லை.

இதற்கு நேர் எதிரான நம்பிக்கையும் உண்டு: “அந்த ஸ்டிக்கரே சட்டவிரோதம், யூடியூப்ல பார்த்தேன்.” பார்த்தது அமெரிக்கக் கதை. அங்கே 1975இல் வந்த மேக்னசன்-மாஸ் வாரண்டிச் சட்டத்தை முன்வைத்து, 2018 ஏப்ரலில் அந்நாட்டு மத்திய வர்த்தக ஆணையம் ஆறு நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. அந்தச் சட்டம் சுங்கை உடாங் வரை வராது.

அதனால் ஸ்குருடிரைவரைத் தேடுவதற்கு முன் கையேட்டைத் தேடுங்கள். டெல், எச்பி, லெனோவோ மூன்றும் மாடல்வாரியாகப் பராமரிப்புக் கையேட்டை இணையத்தில் போட்டிருக்கின்றன. ராமும் எஸ்எஸ்டியும் வாடிக்கையாளரே மாற்றக்கூடிய பாகங்களா என்பதை அதில் பார்க்கலாம். பிறகு சீரியல் எண்ணைக் குறிப்பிட்டுத் தயாரிப்பாளருக்கு ஒரு மின்னஞ்சல். மருமகனுக்கு வந்த பதில் இரண்டே வரி: மாற்றலாம், மாற்றும்போது ஏற்படும் சேதம் வாரண்டியில் சேராது. கடைக்காரரின் வாய்ச்சொல்லைவிட அந்த இரண்டு வரி பலமானது.

அப்படியும் கடை கைவிரித்தால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. மனுக் கட்டணம் 5 ரிங்கிட். 50,000 ரிங்கிட் வரை கோரலாம். வழக்கறிஞர் வைத்து வாதாட முடியாது, இரு தரப்புக்கும்தான். மூன்று ஆண்டுக்குள் போக வேண்டும். சமையலறையில் சாயம் போய் வெள்ளைத் தாளாகிவிட்ட ரசீதோடு போனால் மட்டும் கொஞ்சம் சிரமம். வாங்கிய அன்றே போனில் படம் எடுத்து வைப்பது நல்லது.

“கை பட்டாலே சிப் செத்துடும்” என்பது அடுத்தது. இதை என் அக்காவிடம் சொல்லிப் பாருங்கள். பத்து பெரெண்டாமில் இன்ஃபினியோன், டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் என்று சிப் ஆலைகள் இருக்கின்றன அல்லவா, அந்த வட்டாரத்து பெக்டரி ஒன்றில்தான் அவர் வேலை. மணிக்கட்டில் பட்டை கட்டி, அதன் வயரைத் தரையிணைப்பில் மாட்டாமல் மேசையில் உட்காரவே முடியாது. உடம்பில் தேங்கும் நிலைமின்சாரம் நமக்குத் தெரியாமலே சிப்பைக் கெடுக்கும், உண்மைதான். வீட்டில் அந்தப் பட்டை இல்லாவிட்டால் கம்பளி, பாலியெஸ்டர் விரிப்பைத் தவிர்த்து, தரையிணைப்பு உள்ள உலோகத்தைத் தொட்டுவிட்டு, ராமை ஓரத்தில் மட்டும் பிடித்தால் போதும்.

சாப்பாட்டு மேசையில்தான் திறந்தோம். சார்ஜரைப் பிடுங்கி, ஸ்குருக்களைக் கழற்றிய இடவாரியாகத் தாளில் ஒட்டினான் மருமகன். இது முக்கியம்: நீள ஸ்குருவைக் குட்டை ஸ்குருவின் குழியில் திருகினால் மேல்மூடியில் புடைக்கும். காலாவதியான டச் அண்ட் கோ அட்டையால் விளிம்பை நெம்பினோம். உள்ளே முதல் வேலை பேட்டரி இணைப்பைக் கழற்றுவது. புது ராமைச் சாய்வாகச் செருகி அழுத்தினால் இரண்டு பக்கக் கொக்கியும் ‘கிளிக்’ என்று பூட்டும். பூட்டவில்லை என்றால் பலத்தைக் காட்டாதீர்கள். டிடிஆர்4 குழியில் டிடிஆர்5 நுழையாது. வெட்டு இருக்கும் இடமே வேறு, மின்னழுத்தமும் 1.2 வோல்ட், 1.1 வோல்ட் என்று வேறு. மெல்லிய லேப்டாப்கள் பலவற்றில் ராம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். அங்கே எந்தக் கையேடும் உதவாது. வாங்கும் முன்பே கேட்டிருக்க வேண்டும்.

எஸ்எஸ்டி மாற்றினால் விண்டோஸ் உரிமம் போய்விடும் என்பதும் தப்பு. உரிமம் பொதுவாக மதர்போர்டோடு ஒட்டியது, திரும்ப நிறுவினால் தானே அடையாளம் கண்டுகொள்ளும். போவது கோப்புகள். எந்த வாரண்டியும் அவற்றைக் காப்பதில்லை. நகல் எடுங்கள். பிட்லாக்கர் இயங்கினால் 48 இலக்க மீட்புச் சாவியையும் எழுதி வையுங்கள். பழைய எஸ்எஸ்டியை இன்னொரு கணினியில் மாட்டியதும் அது கேட்கும் முதல் கேள்வி அதுதான்.

புது ராமுக்கு அதன் தயாரிப்பாளர் தரும் வாரண்டி தனி. லேப்டாப்பைச் சர்வீசுக்கு அனுப்ப நேர்ந்தால் பழையதை மாட்டித்தான் அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் புதியது நம்மிடம் திரும்பி வரும் என்று எண்ணிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். மருமகனின் பழைய 8 ஜிபி, உறையோடு, அக்காவின் கண்ணாடி அலமாரியில் மைலோ டின்னுக்குள் இருக்கிறது. மின்னஞ்சலின் அச்சுப் பிரதியும் அதே டின்னில்.