ரொக்க விற்பனை விதியும் ஊரடங்குக் காலத்து மளிகையும்

கூட்டுறவுப் பண்டகசாலை ரொக்கத்திற்கு மட்டுமே சரக்கு விற்க வேண்டும் என்பது, கூட்டுறவுப் பயிற்சியில் சேரும் எவரும் முதல் வாரத்திலேயே கற்கும் பாடம். நாமும் அவ்வாறே கற்றோம். கற்றதைப் பல சங்கங்களில் எடுத்துச் சொன்னோம். மீறிய செயலாளர்களை ஆய்வுக் குறிப்பில் கண்டித்தும் இருக்கிறோம். ஆனால் அந்தப் பாடத்தை நாம் பாதிதான் படித்திருந்தோம் என்பதை 2020 ஆம் ஆண்டு ஊரடங்கு நமக்கு உணர்த்தியது. நெசவாளரும் சாகுபடியாளருமாகிய நம் அங்கத்தினருக்கு அது பயன்படக்கூடும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

2020 மார்ச் 24 மாலை 6 மணிக்குத் தமிழ்நாட்டில் தடையுத்தரவு அமலுக்கு வந்தது. அன்று நள்ளிரவு முதல் நாடு முழுவதும் ஊரடங்கு. மளிகைக் கடைகளுக்கு விலக்கு உண்டு என்றாலும், மாத இறுதியில் கடை நேரம் பிற்பகல் 2.30 வரை என்றும், ஏப்ரல் 5 முதல் பகல் 1 மணி வரை என்றும் குறுகியது. கடை திறந்திருந்தால் சாமான் கிடைத்துவிடும் என்று நினைப்பது தவறு. துவரம் பருப்பு மகாராஷ்டிரத்திலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் வர வேண்டும். மிளகாய் குண்டூரிலிருந்து வர வேண்டும். விளைந்த இடத்தில் சரக்கு இருந்தது. வாங்குவோர் இங்கே இருந்தனர். இடையில் லாரி ஓடவில்லை. ஓட்டுநருக்கு வழியில் சோறு போடக் கடையில்லை. மூட்டை இறக்க ஆளில்லை. அத்தியாவசியச் சரக்கு, ஏனைய சரக்கு என்ற பாகுபாடின்றி எல்லா லாரிகளையும் விடலாம் என்று ஒன்றிய உள்துறை தெளிவுபடுத்தியதே மார்ச் 29 இல்தான். அதற்குள் சில்லறைக் கடைகளின் தட்டுகள் காலியாகிவிட்டன.

கூட்டத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். ஏப்ரல் 26 முதல் சென்னை, கோவை, மதுரை, சேலம், திருப்பூர் மாநகராட்சிகளில் முழு ஊரடங்கு என்று 24 ஆம் தேதி அறிவிப்பு வந்தது. மறுநாள் 25 ஆம் தேதி காலையில் கடைகளில் மொய்த்த கூட்டம், ஒரு மாதமாகக் காத்த இடைவெளியையெல்லாம் ஒரே பொழுதில் கெடுத்தது. அடைப்பின் நோக்கம் எதுவோ அதனை அடைப்பு அறிவிப்பே குலைத்தது. 2021 மே 24 இல் தளர்வற்ற ஊரடங்கு தொடங்குமுன் 22, 23 தேதிகளில் கடைகளைத் திறந்துவிட்டபோதும் இதே காட்சிதான். இதற்கு மாறாக, நம் நியாய விலைக் கடைகளில் வீடு வீடாகச் சென்று நாளும் நேரமும் குறித்த டோக்கன் கொடுக்கப்பட்டது. ஆயிரம் அட்டையுள்ள கடையில் நாளொன்றுக்கு நூறு பேர் என்று பிரித்தால் பத்து நாளில் வேலை முடிகிறது. எளிய கணக்குதான். ஆனால் எந்தத் தெருவில் எந்த அட்டை என்று விற்பனையாளருக்குத் தெரிந்திருந்த கடைகளில் மட்டுமே இது செம்மையாக நடந்தது.

அரசு அளித்த உதவி சிறிதன்று. அரிசி அட்டை ஒவ்வொன்றுக்கும் 1,000 ரூபாய் ரொக்கம். ஏப்ரல் மாதத்து அரிசி, பருப்பு, சர்க்கரை, எண்ணெய் விலையின்றி. ஒன்றிய அரசு வழியே முன்னுரிமை அட்டையிலுள்ள ஆளுக்கு மாதம் 5 கிலோ கூடுதல் தானியம் 2020 ஏப்ரல் முதல் நவம்பர் வரை. ஆகவே அரிசிப் பஞ்சம் என்று எவரும் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. ஆனால் அரிசி மட்டும் சமையலாகிவிடுமா? 1 கிலோ பருப்பும் 1 லிட்டர் பாமாயிலும் ஐந்து பேர் உள்ள வீட்டில் எத்தனை நாளுக்கு வரும் என்பதைத் தாய்மார்களைக் கேட்டால் தெரியும். புளி, மிளகாய், மல்லி, கடுகு, உப்பு, சோப்பு, அடுப்புக்கு எரிவாயு இவையெல்லாம் ரொக்கத்திற்குத்தான் கிடைத்தன. அந்த ஏப்ரலில் 19 மளிகைப் பொருள்கள் அடங்கிய பையை 500 ரூபாய்க்குக் கூட்டுறவுத் துறை விற்றது. நல்ல பை, அடக்கமான விலை. ஐந்து ரூபாய்க்குக் கடுகும் பத்து ரூபாய்க்குப் புளியும் அன்றன்று வாங்கிச் சமைக்கும் வீட்டில் ஒரே சமயத்தில் 500 ரூபாயை எடுத்து வைப்பது எப்படி என்பதுதான் கேள்வி.

நெசவாளர் வீடுகளில் இந்தக் கேள்வி கடுமையாக இருந்தது. சித்திரையும் வைகாசியும் திருமண மாதங்கள். ஆண்டு விற்பனையில் பெரும்பகுதி நடக்கும் காலம். அப்போது துணிக்கடைகள் மூடிக் கிடந்தன. கோ ஆப்டெக்ஸ் நிலையங்களும் மூடியிருந்தன. நெய்த துணி சங்கத்தில் தேங்கியது. துணி விற்றால்தான் சங்கத்தில் பணம் புரளும். பணம் புரண்டால்தான் கூலி. பாவு தீர்ந்த தறிக்கு மறுபாவு வரவில்லை. கூலி நாளன்று மாலையில் கடைத்தெருவுக்குச் சென்று வாங்கிப் பழகியவர்களுக்குக் கூலியும் இல்லை; மாலையில் கடையும் இல்லை.

ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் நம் சரகத்திலுள்ள ஒரு வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தின் பண்டகசாலையில் இருப்புச் சரிபார்த்துக்கொண்டிருந்தோம். அந்த ஊர் நெசவாளர் சங்கத்தின் தலைவர், அறுபது வயதைத் தாண்டியவர், முகக் கவசமணிந்து வந்து வாசலில் நின்றபடியே பேசினார்.

"ஐயா, எங்கள் அங்கத்தினர் நெய்து கொடுத்த துணி சங்கத்தில் இருக்கிறது. கூலியில் பாதிதான் கொடுத்திருக்கிறோம். மீதிக்கு நாங்கள் சீட்டு எழுதிக் கொடுக்கிறோம். இந்தப் பண்டகசாலையில் சாமான் கொடுங்கள். பணம் வந்ததும் சங்கம் தீர்த்துவிடும்."

"தலைவர் அவர்களே, கடன் விற்பனைக்குத் துணைவிதியில் இடமில்லை. நாளைக்குத் தணிக்கையில் ஆட்சேபணை வந்தால் செயலாளர் அல்லவா பதில் சொல்ல வேண்டும்?" என்றோம்.

"சரிங்க ஐயா" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். வாதாடியிருந்தால் ஒருவேளை யோசித்திருப்போம்.

மூன்று வாரங்களுக்குப் பின், டோக்கன் பற்றிய புகார் ஒன்றை விசாரிக்க நெசவாளர் தெருவுக்குப் போனோம். சில வீடுகளில் நியாய விலைக் கடை அரிசியைக் கஞ்சியாக்கி உப்பிட்டுக் குடித்து வந்தனர். ஒரு வீட்டில் பித்தளைக் குடம் இரண்டு அடகுக்குப் போயிருந்தன. பெரும்பாலோர் தெருமுனைத் தனியார் மளிகைக் கடையில் பற்று எழுதி வாங்கினர். அந்தக் கடைக்காரரைக் குறைகூற மாட்டோம். தம் முதலைப் போட்டுக் கடன் கொடுத்தவர் அவர். கிலோவுக்குச் சில ரூபாய் கூட வைத்தார் என்றால், வராமல் போகக்கூடிய கடனுக்கும் சேர்த்து வைத்தார். நம் பண்டகசாலையிலோ பருப்பும் புளியும் இருந்தன. வாங்கத்தான் ஆள் வரவில்லை. விதியைக் காத்தோம்; அங்கத்தினரைக் காக்கவில்லை. எவரும் நம்மை ஒரு சொல்லும் சொல்லாதது இன்னும் உறுத்துகிறது.

இனிப் பாடத்திற்கு வருவோம். ரொக்க விற்பனை விதி ராச்டேலிலிருந்து வந்தது. இங்கிலாந்தின் அந்த ஊரில் 1833 இல் ஒரு கூட்டுறவுக் கடை திறந்து, கடன் கொடுத்து, வசூலாகாமல் 1835 இல் மூடப்பட்டது. அந்த அனுபவத்தை மறவாதவர்களே 1844 டிசம்பர் 21 இல் தோட் சந்தில் புதுக் கடையைத் திறந்தனர். அவர்களில் பலர் கம்பளித் துணி நெய்பவர்கள். மாவு, வெண்ணெய், சர்க்கரை, ஓட்ஸ் நொய், மெழுகுவத்தி: இவ்வளவே முதல் நாள் சரக்கு. கடன் இல்லை என்பது முந்தைய கடையின் சாவிலிருந்து அவர்கள் எடுத்த முடிவு. அந்த முடிவில் பிழையில்லை. விற்பனையாளர் தமக்கு வேண்டியவருக்குக் கடன் கொடுத்து மூழ்கிய பண்டகசாலைகளை நம் மாவட்டங்களிலும் கண்டிருக்கிறோம்.

ஆனால் மற்றொரு பகுதியை நாம் வகுப்பில் கவனிக்கவில்லை. சர்வதேசக் கூட்டுறவுக் கூட்டிணைப்பு 1937 இல் வகுத்த கோட்பாடுகளில் ரொக்க விற்பனை இடம்பெற்றிருந்தது. 1966 இல் வியன்னாவில் அவற்றைத் திருத்தியபோது அது பட்டியலிலிருந்து நீங்கியது. அது நல்ல வியாபார வழக்கம்தான், ஆயினும் எங்கும் எக்காலமும் மாறாத கோட்பாடு அன்று என்றாயிற்று. அதே 1966 இல் புதிதாகச் சேர்க்கப்பட்டது, கூட்டுறவுச் சங்கங்கள் ஒன்றோடொன்று ஒத்துழைக்க வேண்டும் என்ற கோட்பாடு. அன்று வாசலில் நின்றவர் கேட்டது இந்தப் புதிய கோட்பாட்டை. நாம் கையில் பிடித்திருந்தது நீக்கப்பட்ட பழையதை.

மேலும், அவர் கேட்டது கடன்தானா என்பதையே நாம் ஆராயவில்லை. நெசவாளர் துணியைக் கொடுத்துவிட்டார், கூலி வரவில்லை. அப்படியானால் கடன்பட்டவர் நெசவாளர் அல்லர், அவருடைய சங்கம். ஒரு சங்கத்தின் கடனை மற்றொரு சங்கம் சில வாரங்களுக்குத் தாங்க இயலுமா என்பதே பிரச்சினை. அதற்கு விடை காண இருப்பு எவ்வளவு, துணியின் மதிப்பு எவ்வளவு, மத்தியக் கூட்டுறவு வங்கியில் நெசவாளர் சங்கத்திற்கு மிச்சமுள்ள காசுக்கடன் வரம்பு எவ்வளவு என்று பார்த்திருக்க வேண்டும். பார்த்தால் ஒரு மணி நேர வேலை.

இதில் ஓர் அபாயமும் உண்டு. கூலிக்குப் பதிலாகச் சாமான் கொடுப்பது பழைய முதலாளிகளின் வழி. தம் கடையிலேயே வாங்கச் செய்து, விலையைக் கூட்டி, கொடுத்த கூலியை மறு வாசலில் பறித்துக்கொண்டனர். அதைத் தடுக்கவே இங்கிலாந்தில் 1831 இல் கூலியை நாணயமாகவே தர வேண்டும் என்று சட்டம் வந்தது. ஆகவே சீட்டு முறை எங்கே நடந்தாலும், சீட்டு வேண்டுமா வேண்டாமா என்பது அங்கத்தினர் விருப்பமாக இருக்க வேண்டும். ரொக்க விலையே சீட்டு விலையாக வாசலில் எழுதப்பட வேண்டும். கூலி முழுவதும் சீட்டாகிவிடக் கூடாது.

சாகுபடியாளர் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். விவசாய வேலைகளுக்கு மார்ச் 27 இலேயே விலக்குக் கிடைத்தது. ஆயினும் அறுவடையை வாங்க ஆளில்லை. தர்ப்பூசணி கொடியிலேயே கிடந்தது. கோயிலும் திருமணமும் இல்லாமையால் மல்லிகை செடியிலேயே வாடியது. மே 5 இல் தொற்றுக் காரணமாகக் கோயம்பேடு மூடப்பட்டு, 10 ஆம் தேதி திருமழிசையில் தற்காலிகச் சந்தை தொடங்கும் வரை தலைநகருக்குக் காய் அனுப்பியோர் தவித்தனர். நாம் சொல்லும் நெசவாளர் தெருவிலிருந்து ஐந்து கிலோ மீட்டருக்குள் கத்தரிக்காயை மாட்டுக்குப் போட்டுக்கொண்டிருந்தார், நம் கடன் சங்கத்தின் அங்கத்தினர் ஒருவர். தெருவில் காய் இல்லை. இருவரும் கூட்டுறவாளர்; இடையில் ஒரு சிறு வண்டியும் அதற்கொரு அனுமதிச் சீட்டும் மட்டுமே குறை.

2020 டிசம்பருக்குள் இரு சங்கங்களின் பேரவைகளும் கூடின. கைத்தறித் துறை அலுவலரும் நாமும் அமர்ந்து துணைவிதித் திருத்தத்தை எழுதினோம். சீட்டு மூன்று படிகள்: ஒன்று அங்கத்தினருக்கு, ஒன்று பண்டகசாலைக்கு, ஒன்று நெசவாளர் சங்கத்திற்கு. ஒப்படைத்த துணிக்குரிய நிலுவைக் கூலியில் பாதிக்கு மேல் சீட்டு இல்லை. பதினைந்து நாளைக்கு ஒருமுறை மத்திய வங்கிக் கணக்கின் வழியே தீர்வு. காய்கறி கொடுக்கும் சாகுபடியாளருக்கு அவர் பயிர்க்கடன் கணக்கில் வரவு வைப்பதா, ரொக்கமா என்பது அவர் விருப்பம். பெரும்பாலோர் ரொக்கமே கேட்டனர், அது இயற்கைதான்.

2021 மே 24 இல் மளிகைக் கடைகளும் மூடப்பட்டன. மே 31 முதல் வண்டியில் கொண்டு சென்று விற்கவும், தொலைபேசியில் கேட்டு வீட்டில் கொடுக்கவும் இசைவு கிடைத்தது. அன்று காலையே பண்டகசாலையின் வண்டி நெசவாளர் தெருவுக்குப் போயிற்று. அரசின் 2,000 ரூபாய் முதல் தவணை மே நடுவிலேயே வந்திருந்ததால், நாம் எதிர்பார்த்ததைவிடக் குறைவானவர்களே சீட்டுக் கொடுத்து வாங்கினர்; மற்றவர்கள் ரொக்கம் கொடுத்தனர். ஜூனில் 14 பொருள்கள் அடங்கிய அரசுத் தொகுப்பு வந்தபின் சீட்டு இன்னும் குறைந்தது. பழைய தலைவர் அப்போது பொறுப்பில் இல்லை. ஆயினும் முதல் நாள் வண்டியின் அருகே வந்து விலைப் பலகையை ஒவ்வொரு வரியாகப் படித்தார்.

சீட்டுகள் யாவும் தீர்ந்தன, ஒன்றைத் தவிர. ஒரு நெசவாளரின் துணியில் பின்னர்க் குறை கண்டு கூலியைக் குறைத்தனர். அவர் வாங்கிய சாமான் குறைத்த கூலியைவிட 140 ரூபாய் கூடிவிட்டது. துணியை ஏற்றுக்கொண்டு சீட்டில் ஒப்பமிட்டது நெசவாளர் சங்கம். ஆகவே அதுவே ஏற்க வேண்டும் என்கிறது பண்டகசாலை. குறை தெரியுமுன் அவசரத்தில் எழுதிய சீட்டு; ஆகவே இரு சங்கங்களும் பாதிப் பாதி என்கிறது நெசவாளர் சங்கம். நெசவாளர் தாமே கட்டிவிடுகிறேன் என்று முன்வந்தார்; இரு நிர்வாகக் குழுக்களும் அதை ஏற்க மறுத்துவிட்டன. திருத்திய துணைவிதியில் இதற்கு வழி சொல்லப்படவில்லை. எழுதியபோது நமக்குத் தோன்றவில்லை. இதே நிலையை வேறு சங்கங்களில் எப்படித் தீர்த்தார்கள் என்பதை அங்கத்தினர்கள் எழுதியனுப்பினால், அடுத்த பேரவைக்கு முன் திருத்தத்தில் சேர்த்துக்கொள்ள உதவியாயிருக்கும்.