வீட்டில் கடைசி நாட்கள்: தோட்டத்துப் பராமரிப்பு உதவியாளருக்கான ஒரு பாடம்

இப்பாடம் தோட்டச் சுகாதாரக் குழுக்களுக்கும் மாதர் சங்கங்களுக்கும் நோயாளரைச் சந்திக்கும் சபைக் குழுக்களுக்கும் உரியது. ஒரே அமர்வில் வாசித்து, இறுதியிலுள்ள வினாக்களைக் கூடிப் பேசுவது நல்லது.

1. "இனிச் செய்ய ஒன்றுமில்லை"

பெரியாஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பப்பட்ட நோயாளியைப் பற்றி லயன்களில் நாம் அடிக்கடி கேட்கும் சொல் இது. நோயைக் குணமாக்க வழியில்லை என்பதே அதன் பொருள். ஆனால் நோவைத் தணிக்கலாம், புண்ணைச் சுத்தம் செய்யலாம், வாயை நனைக்கலாம், பக்கத்தில் உட்காரலாம். இவற்றைச் செய்ய ஆளில்லாததுதான் மலையகத்தின் குறை.

இலண்டனில் 1967இல் புனித கிறிஸ்தோபர் இல்லத்தைத் திறந்த சிசிலி சாண்டர்ஸ் தாதியாகவும் சமூகசேவையாளராகவும் பணியாற்றிய பின் வைத்தியரானவர். மரிப்பவரின் வேதனை உடலில் மட்டும் இல்லை. மனத்திலும், குடும்பத்தைப் பற்றிய கவலையிலும், ஆன்மாவிலும் உண்டு என்று அவர் கற்பித்தார். 1969இல் அவருடைய இல்லம் நோயாளரின் வீடுகளுக்கே சென்று பணி செய்யத் தொடங்கியது. நோய்த்தணிப்புப் பராமரிப்பு என்று நாம் இன்று அழைப்பது இதைத்தான்.

2. லயன் காம்பராவில் நிலைமை என்ன?

நமது தோட்டச் சுகாதாரம் தாயையும் சேயையும் சுற்றி அமைந்தது. மருத்துவிச்சி உண்டு, பிள்ளை மடுவம் உண்டு, நிறுவை உண்டு. இவை பல உயிர்களைக் காத்தன. முதியவருக்கும் மரிப்பவருக்கும் அப்படியான ஏற்பாடு இல்லை. வெற்றிலை, பாக்கு, புகையிலை மெல்லும் வழக்கத்தால் வரும் வாய்ப்புற்றுநோய் இலங்கை ஆண்களிடையே அதிகம் காணப்படும் புற்றுநோய்களில் ஒன்று. பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2004இல் வெளியிட்ட அறிக்கை கூறியது. நோய் முற்றிய நிலையில் கண்டியின் அல்லது மகரகமையின் வைத்தியசாலைக்குப் போய், மீண்டும் பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவுக்கே நோயாளி திரும்புகிறார்.

அங்கே விறகுப் புகை, நுவரெலியாப் பக்கத்து இராக்குளிர், தூரத்திலுள்ள மலகூடம், ஒரே அறையில் படிக்கும் பிள்ளைகள். காலையில் பெரட்டுக்குப் போனால்தான் மகளுக்குப் பேர் விழும். தாயோடு இருந்தால் பேர் இல்லை. மருந்து வாங்கவும் பணமில்லை. அதே மலையகத்துப் பெண் கொழும்பில் ஒரு வீட்டில் முதியவரைப் பார்த்துக்கொண்டால் சம்பளம் பெறுகிறாள். பிறர் பெற்றோரைப் பராமரிப்பது தொழில், தன் தாயைப் பராமரிப்பது நட்டம் என்ற இந்த நிலையை நாம் இயல்பென்று ஏற்கக் கூடாது.

3. உதவியாளர் செய்யக்கூடியவை

பராமரிப்பு உதவியாளர் வைத்தியரல்ல, தாதியுமல்ல. ஆனால் நோயாளியின் பக்கத்தில் கூடிய நேரம் இருப்பவர் அவரே. கீழ்வருவன அவருடைய அன்றாட வேலைகள்.

அ. நோவைக் கவனித்தல். எங்கே, எப்போது, எவ்வளவு என்று கேட்டு ஒரு கொப்பியில் எழுதுங்கள். பேச முடியாதவரின் சுருங்கும் நெற்றியும் முனகலும் நோவைச் சொல்லும். உலக சுகாதார நிறுவனம் 1986இல் வெளியிட்ட வழிகாட்டியின்படி, நோவு மருந்தை இயன்றவரை வாய்வழியாகவும், நேரம் தவறாமலும், நோவின் கடுமைக்கு ஏற்பவும் கொடுக்க வேண்டும். நோவு வந்தபின் கொடுப்பதைவிட, முந்திய மருந்தின் பலன் தீருமுன் கொடுப்பதே முறை. வைத்தியர் மோர்பின் எழுதிக்கொடுத்தால் "போதை மருந்து" என்று குடும்பத்தார் பயப்படுவார்கள். நோவுக்காக அளவோடு கொடுக்கும் மருந்து ஒருவரைக் குடிகாரரைப்போல் ஆக்கிவிடாது என்று விளக்குங்கள். அது மலச்சிக்கலை உண்டாக்கும். ஆகவே மலமிளக்கி மருந்தையும் வைத்தியரிடம் கேளுங்கள். அளவை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. மருந்தைப் பிள்ளைகளுக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள்.

ஆ. படுக்கைப்புண் தடுத்தல். அசைய முடியாதவரை இயன்றவரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வையுங்கள். முழங்கால்களுக்கு இடையில் மடித்த சேலையை வைக்கலாம். இடுப்பு, குதிக்கால், முழங்கை ஆகியவற்றைத் தினமும் பாருங்கள். சிவந்த இடத்தை அழுத்தித் தேய்க்காதீர்கள். குளிருக்கு வெந்நீர்ப் போத்தல் வைப்பதானால் துணி சுற்றி, தோலில் படாமல் வையுங்கள். உணர்வு குறைந்த காலில் சூடு பட்டது நோயாளிக்குத் தெரியாது.

இ. வாயும் புண்ணும். ஆறிய வெந்நீரில் சிறிது உப்பிட்டு, மெல்லிய துணியால் வாயைத் துடையுங்கள். உதட்டை அடிக்கடி நனையுங்கள். வாய்ப்புற்று நாறும்போது உறவினரும் விலகுவார்கள். அந்த விலகலே நோயாளிக்குப் பெரிய நோவு. நாற்றத்தைக் குறைக்க மருந்துண்டு, வைத்தியரிடம் கேளுங்கள். புற்றுநோய் தொற்றாது. தட்டையும் கோப்பையையும் ஒதுக்கி வைக்கத் தேவையில்லை.

ஈ. மூச்சுத் திணறல். தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து உட்கார வையுங்கள். கதவைத் திறந்து காற்று வரவிடுங்கள். சமையல் புகை நோயாளி இருக்கும் பக்கம் வராமல் பாருங்கள்.

உ. உணவு. கடைசி நாட்களில் பசியும் தாகமும் குறையும். சோறு உண்ணாததால் அவர் சாகவில்லை. சாவு நெருங்குவதால் சோறு வேண்டாமென்கிறார். வற்புறுத்தி ஊட்டினால் புரையேறும்.

4. கடைசி மணித்தியாலங்கள்

கை கால் குளிரும், தோல் நிறம் மாறும், மூச்சு நின்று நின்று வரும், தொண்டையில் கறகறப்புக் கேட்கும். பக்கவாட்டில் திருப்பிப் படுக்க வைத்தால் கறகறப்புக் குறையலாம். பதறாதீர்கள். மெதுவாகப் பேசுங்கள், அவர் கேட்கக்கூடும் என்று எண்ணியே பேசுங்கள்.

நம் வீடுகளில் பால் ஊற்றும் வழக்கம் உண்டு. பிள்ளைகளின் அன்பையும் கடனையும் சொல்லும் வழக்கம் அது, தடுக்க வேண்டியதில்லை. விழுங்க முடியாதவருக்குக் கரண்டியால் ஊற்றினால் மூச்சடைக்கும். துணியில் அல்லது விரல் நுனியில் தொட்டு உதட்டில் தடவச் சொல்லுங்கள். வழக்கமும் நிறைவேறும், தீங்கும் நேராது.

இன்னொரு எச்சரிக்கை நமக்கே உரியது. தோட்டத்தில் நாம் சந்திப்போரில் பெரும்பாலோர் இந்துக்கள். மரணப் படுக்கை மதம் மாற்றும் இடமல்ல. நோயாளி மாரியம்மனை அழைத்தால் அவர் அழைத்த பெயரோடு அமைதியாகப் போகட்டும். நல்ல சமாரியர் காயத்தைக் கட்டினார். அடிபட்டவரின் சமயத்தைக் கேட்கவில்லை. ஒன்றையும் கவனியுங்கள்: அவர் தம் பணத்தையும் விடுதிக்காரரிடம் கொடுத்தார். இரக்கத்துக்குச் செலவு உண்டு.

மரணம் நிகழ்ந்தபின் கிராம உத்தியோகத்தருக்கும் தோட்ட நிர்வாகத்துக்கும் அறிவித்துப் பதிவு செய்ய உதவுங்கள். அடையாள அட்டையிலும் ஊழியர் சேமலாப நிதிப் பத்திரங்களிலும் பெயர் வேறுபட்டிருந்தால் பிள்ளைகள் அலைவார்கள். நோயாளி பேசக்கூடிய காலத்திலேயே இவற்றைப் பார்த்துக்கொள்வதும் பராமரிப்பே.

5. யார் பொறுப்பு?

கேரளத்தின் கோழிக்கோட்டில் 1993இல் வைத்தியர்கள் சிலர் நோய்த்தணிப்புச் சங்கம் ஒன்றைத் தொடங்கினர். பின்னர் விவசாயிகளும் மாணவரும் கடைக்காரரும் பயிற்சி பெற்று அயல்வீட்டு நோயாளரைச் சந்தித்தனர். 2008இல் கேரள அரசு இதைத் தன் கொள்கையாக்கியது. பஞ்சாயத்துகள் வீடு தேடிச் செல்லும் தாதியரை அமர்த்தின. அயலாரின் அன்பு வழி திறந்தது. அரசின் பணம் அதை நிலைநிறுத்தியது.

இலங்கையில் சுகாதார அமைச்சு 2019-2023 காலத்துக்கு நோய்த்தணிப்புப் பராமரிப்புக்கான தேசிய உபாயச் சட்டகத்தை வெளியிட்டது. மகரகமையில் புற்றுநோய்ச் சங்கத்தின் சாந்த செவன இல்லம் உண்டு. ஆனால் அட்டனிலிருந்து அது நூறு கிலோமீற்றருக்கும் அப்பால். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு தோட்டங்களுக்குச் சபைகள் செலவிடத் தடையாக இருந்தது. 2018இல் அது திருத்தப்பட்டது. அவ்வாண்டில் நுவரெலியா மாவட்டத்தில் நோர்வூட், மஸ்கெலியா, அக்கரப்பத்தனை, கொட்டகலை முதலிய சபைகளும் இயங்கத் தொடங்கின. ஆகவே, "தோட்டம் எங்கள் பொறுப்பல்ல" என்று சட்டத்தைக் காட்டிச் சொல்ல இனி இடமில்லை.

நாம் கேட்க வேண்டியது பெரிதல்ல. டிவிஷனுக்கு இருவர் பயிற்சி பெறட்டும். தமிழிலும் சிங்களத்திலும் மருந்துச் சீட்டை வாசிக்கக்கூடியவராயிருக்கட்டும். தோட்ட வைத்திய உதவியாளரோடும் அரசாங்க வைத்தியசாலையோடும் தொடர்புள்ளவராயிருக்கட்டும். அவர்களுக்கு ஒழுங்கான கொடுப்பனவும் கிடைக்கட்டும். "சேவை" என்ற சொல்லைக் காட்டிப் பெண்களின் உழைப்பை இலவசமாக வாங்குவது சபைக்கும் அழகல்ல.

அதுவரை லயனார் முறைவைத்துச் செய்யலாம். ஒரு வீடு காலையில் பார்க்கட்டும், ஒரு வீடு மத்தியான நிறுவை முடிந்து பார்க்கட்டும், இரவில் மகள் இரண்டு மணித்தியாலமாவது தூங்கட்டும். பராமரிப்பவர் விழுந்தால் இரண்டு நோயாளிகள் ஆவார்கள்.

கலந்துரையாடலுக்கு

1. நமது டிவிஷனில் இன்று படுக்கையில் இருப்பவர்கள் எத்தனை பேர்? அவர்களைப் பகலில் பார்ப்பது யார்?
2. நோவு மருந்து பெற நமது தோட்டத்தவர் எவ்வளவு தூரம் போகிறார்கள்? எவ்வளவு செலவாகிறது?
3. தாயைப் பார்க்க நிற்கும் மகளுக்குப் பேர் விழாத நாட்களை ஈடுசெய்ய மரண உதவிச் சங்கத்தின் பணத்தில் ஒரு பங்கை மரணத்துக்கு முன்பே கொடுக்கலாமா?
4. பிரதேச சபை உறுப்பினரிடம் அடுத்த மாதம் எந்தக் கோரிக்கையை எழுத்தில் கொடுக்கப்போகிறோம்? கொண்டு போவது யார்?