கேமரன் மலையின் பழைய லேண்ட்ரோவர்கள்

பொழுது புலர்வதற்கு முன்பே கேமரன் மலையின் காய்கறித் தோட்டங்களில் வேலை தொடங்கிவிடும். மூடுபனி விலகாத மண் பாதையில், முட்டைக்கோசும் தக்காளியும் நிறைந்த கூடைகளைச் சுமந்துகொண்டு பழைய வண்டி ஒன்று முனகியபடி ஏறி வரும். அதன் கதவில் வண்ணம் உரிந்திருக்கும். முன்விளக்குகளில் ஒன்று மங்கலாக எரியும். அது சற்று நேரம் நின்று புறப்பட்ட இடத்தில், தரையில் நான்கைந்து சொட்டு எண்ணெய் கறுப்பாகப் படிந்திருக்கும். அதைப் பார்க்கும் வெளியூர்ப் பயணி, அவ்வண்டி இன்னும் ஒரு வாரம்கூடத் தாங்காது என்று எண்ணக்கூடும். ஆனால், அவர் பிறப்பதற்கு முன்பிருந்தே அது அந்த மலையில் ஓடிக்கொண்டிருக்கலாம்.

பகாங் மாநிலத்தைச் சேர்ந்த இம்மலைப் பகுதியில் ரிங்லெட், தானா ராத்தா, பிரிஞ்சாங், கம்போங் ராஜா என்று எந்த ஊருக்குச் சென்றாலும் பழைய லேண்ட்ரோவர் வண்டிகளைக் காணலாம். காய்கறிகளும் உர மூட்டைகளும் அவற்றில்தான் ஏறுகின்றன. பிரிஞ்சாங் மலையின் பாசிக்காட்டைக் காண வரும் சுற்றுப்பயணிகளையும் அவையே ஏற்றிச் செல்கின்றன. இவ்வளவு பழைமையான வண்டிகள் இன்னும் அன்றாட வேலையில் இருப்பது எப்படி? அவை பழுதாவதே இல்லையா? உண்மையில், அடிக்கடி பழுதாகும் வண்டிகள் என்றே அவை பெயர் பெற்றவை.

லேண்ட்ரோவரின் கதை இரண்டாம் உலகப் போருக்குப் பின் இங்கிலாந்தில் தொடங்குகிறது. ரோவர் நிறுவனத்தின் தலைமைப் பொறியாளர் மாரிஸ் வில்க்ஸ், வேல்ஸ் பகுதியிலுள்ள ஆங்கில்சீ தீவில் இருந்த தம் பண்ணையில் போர்க்கால ஜீப் ஒன்றைப் பயன்படுத்தி வந்தார். அது தேய்ந்து போனால் அதற்கு ஈடாக எதை வாங்குவது என்ற கேள்வியிலிருந்துதான் புதிய வண்டிக்கான எண்ணம் பிறந்தது. அதன் வடிவத்தை அவர் கடற்கரை மணலில் வரைந்து காட்டினார் என்றும் கூறுவர். 1948ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாள் ஆம்ஸ்டர்டாம் வாகனக் கண்காட்சியில் லேண்ட்ரோவர் முதன்முதலாகக் காட்சிக்கு வைக்கப்பட்டது. நிறுவனம் இதைப் பெரிதாகக் கருதவில்லை. இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு இதை விற்றுச் சமாளித்துவிட்டு, மீண்டும் மகிழுந்துத் தயாரிப்பில் முழுக் கவனம் செலுத்தலாம் என்பதே அதன் திட்டமாக இருந்தது.

அக்காலத்தில் பிரிட்டனில் எஃகு தட்டுப்பாடாக இருந்ததால் அது அளவோடுதான் வழங்கப்பட்டது. விமானத் தயாரிப்புக்குப் பயன்பட்ட அலுமினியக் கலவையோ எளிதாகக் கிடைத்தது. எனவே, வண்டியின் மேலுடல் அலுமினியத் தகட்டால் செய்யப்பட்டது. அழகான வளைவுகளை அச்சிட விலையுயர்ந்த எந்திரங்கள் தேவைப்படும் என்பதால் தகடுகள் பெரும்பாலும் தட்டையாகவே விடப்பட்டன. வேறு வழியில்லாமல் எடுக்கப்பட்ட இந்த இரண்டு முடிவுகளும் பிற்காலத்தில் பெரும் நன்மையாக அமைந்தன. அலுமினியம் எஃகைப் போலத் துருப்பிடிப்பதில்லை. ஆண்டு முழுவதும் மழையும் பனியும் சூழ்ந்த கேமரன் மலையில் இது சிறிய செய்தி அன்று. தட்டையான தகடு நசுங்கினால் சுத்தியலால் தட்டிச் சரிசெய்துவிடலாம். மரைகளைக் கழற்றி வேறொன்றை மாட்டவும் முடியும்.

ஆயினும், வண்டி முழுவதும் அலுமினியம் அன்று. அதைத் தாங்கும் அடிச்சட்டம் எஃகினால் ஆனது. அதற்குள் சேறு புகுந்தால் உள்ளிருந்தே துருப்பிடிக்கத் தொடங்கும். மேலும், எஃகும் அலுமினியமும் ஒன்றையொன்று தொடும் இடத்தில் ஈரம் சேர்ந்தால் அலுமினியம் வெண்ணிறப் பொடியாக அரித்துப் போகும். இவை மெதுவாக வளரும் நோய்கள். அன்றாடத் தொல்லைகள் வேறு. இயந்திரத்திலும் கியர்ப் பெட்டியிலும் எண்ணெய் ஒழுகும். மழைக்காலக் காலைகளில் இயந்திரம் எளிதில் உயிர் பெறாது. கூரையின் இடுக்கு வழியாக நீர் ஓட்டுநரின் முழங்கால் மீது சொட்டும்.

பட்டறைகளில் இப்படி ஓர் உரையாடலைக் கேட்கலாம்.

“அண்ணே, போன வாரம்தானே பார்த்தீங்க? மறுபடியும் எண்ணெய் ஒழுகுதே!”

“ஒழுகட்டும் தம்பி. ஒழுகலைன்னாதான் பயப்படணும். உள்ள எண்ணெயே இல்லைன்னு அர்த்தம்!”

இந்த நகைச்சுவை கேமரன் மலைக்கு மட்டும் உரியதன்று. உலகெங்கும் லேண்ட்ரோவர் வைத்திருப்போர் தங்களுக்குள் சொல்லிச் சிரிப்பது இது.

பழைய வண்டிகளின் பலவீனங்களுள் பெயர் போனது, பின்சக்கரங்களுக்கு விசையைக் கொண்டு செல்லும் இரும்புத் தண்டு. அதிக சுமையோடு செங்குத்தான மேட்டில் ஏறும்போது அது ‘டக்’ என்று ஒடிந்துவிடும். இயந்திரம் ஓடும், ஆனால், வண்டி நகராது. இன்னொரு வண்டியாக இருந்தால் அன்றைய வேலை அத்தோடு முடிந்திருக்கும். லேண்ட்ரோவரின் ஓட்டுநரோ கியர்த் தண்டின் அருகேயுள்ள மஞ்சள் குமிழை அழுத்துவார். உடனே முன்சக்கரங்களுக்கும் விசை சென்று, அவை வண்டியை இழுக்கத் தொடங்கும். ஒடிந்த தண்டு சக்கரத்தின் எடையைத் தாங்குவதில்லை என்பதால் சக்கரமும் கழன்று விழாது. சுமையைச் சற்றுக் குறைத்துக்கொண்டு, மெல்ல மெல்ல அவர் வீடு வந்து சேரலாம். வந்தபின் தண்டை உருவியெடுத்து வேறொன்றைச் செருகுவதற்குச் சில கருவிகளும் சிறிது பொறுமையும் போதும்.

ஒரு பொருள் பழுதாவது வேறு. அதன் ஆயுள் முடிவது வேறு. பழுதே ஆகாத வண்டியை எவரும் திறந்து பார்ப்பதில்லை. அதன் உள்ளமைப்பு எவருக்கும் தெரிவதில்லை. ஆண்டுக்குப் பத்து முறை நின்றுபோகும் வண்டியின் உரிமையாளருக்கோ அதன் ஒவ்வோர் ஓசையும் பழக்கமாகிவிடுகிறது. எந்த மேட்டில் எந்தக் கியர், எந்த முனகலுக்கு என்ன பொருள் என்பதையெல்லாம் தந்தை மகனுக்குச் சொல்லிக் கொடுக்கிறார். அந்த வண்டியின் மீது ஏற்படும் பாசத்தில் பாதி, அதனால் பட்ட பாட்டினால் வந்தது. தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்ய வந்த தமிழர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் இம்மலையில் வாழ்கிறார்கள். அவர்களுள் காய்கறி பயிரிடுவோரும் உள்ளனர். இத்தகைய குடும்பங்களில் பழைய வண்டி என்பது விற்று மறக்கும் பொருளன்று. அதில்தான் பிள்ளைகள் பள்ளிக்குச் சென்றிருப்பார்கள். நோயாளிகள் மருத்துவமனைக்குச் சென்றிருப்பார்கள்.

1948 முதல் 1960 வரையிலான அவசரகாலத்தில் மலாயாவில் இராணுவத்தினர் லேண்ட்ரோவர்களைப் பயன்படுத்தினர். பிற்காலத்தில், பணியிலிருந்து நீக்கப்பட்ட இத்தகைய வண்டிகள் மலைவாசிகளின் கைக்கும் வந்தன. அவர்கள் அவற்றைத் தங்கள் தேவைக்கேற்ப மாற்றினார்கள். கூரையை வெட்டிச் சரக்குத் தட்டு அமைத்தார்கள். பழைய இயந்திரத்தைக் கழற்றிவிட்டு ஜப்பானிய டீசல் இயந்திரம் பொருத்தினார்கள். 1958இல் வந்த இரண்டாம் வரிசை வண்டியின் உறுப்புகள் பல, 1971இல் வந்த மூன்றாம் வரிசை வண்டிக்கும் பொருந்தின. இதனால் ஒரே வண்டியில் மூன்று வெவ்வேறு காலத்து உறுப்புகள் இருப்பதும் உண்டு. இயந்திரம், கதவு, சக்கரம் எல்லாம் மாறிய பிறகு அது பழைய வண்டிதானா என்று கேட்டால், உரிமையாளர் சற்றும் தயங்காமல் “ஆமாம்” என்பார்.

பாசம் இருக்கிறது என்பதற்காக உண்மையை மறைக்க முடியாது. இவ்வண்டிகளில் காற்றுப்பை கிடையாது. பழைய வகைப் பிரேக்குகள் நீரில் நனைந்தால் பிடிமானம் குறையும். நீண்ட இறக்கத்தில் சூடேறினாலும் அப்படியே. அதனால்தான் அனுபவமிக்க ஓட்டுநர்கள் தாழ்ந்த கியரிலேயே இறங்குகிறார்கள். அனுபவம் இல்லாதவர் கையில் அதே இறக்கம் ஆபத்தாகிவிடும். பழைய டீசல் இயந்திரம் கக்கும் புகையோ தூய மலைக்காற்றுக்கு ஏற்றதன்று. புதிய வண்டி வாங்க வசதியுள்ள இளையோர் இவற்றைக் கைவிட நினைப்பதில் தவறு காண முடியாது. மறுபுறம், மழையில் குழைந்த மண் பாதையில் விலையுயர்ந்த புது வண்டியைச் சேற்றில் இறக்க எவருக்கும் மனம் வருவதில்லை. அதன் கணினிப் பகுதி பழுதடைந்தால் சுத்தியலும் திருப்புளியும் உதவா.

பழைய வடிவத்தைப் பின்பற்றி வந்த கடைசி லேண்ட்ரோவர், 2016ஆம் ஆண்டு ஜனவரி 29ஆம் நாள் இங்கிலாந்தின் சோலிஹல் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தது. மூன்றாண்டுத் திட்டமாகத் தொடங்கியது, இருபது இலட்சத்துக்கும் அதிகமான வண்டிகளை உருவாக்கிய பின்னரே ஓய்ந்தது. கேமரன் மலையின் பட்டறைகளுக்குப் பின்னால், இனி ஓடவே முடியாத வண்டிகள் சில புல் முளைத்துக் கிடக்கின்றன. ஒன்றின் கதவு போன மாதம் கழற்றப்பட்டிருக்கும். மற்றொன்றின் பின் அச்சு அடுத்த வாரம் வேறொரு வண்டிக்குப் போகும்.